வீட்டுக்குள் மின்சூளை வைப்பவர்களுக்கு: காற்றோட்டம் அமைக்கும் முறை

மண்பாண்டம் சுடும் சூளையை வீட்டுக்குள் வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்ததில்லை. வைக்கோலும் விறகும் வரட்டியும் அடுக்கி, மேலே சேறு பூசி மூட்டம் போடும் சூளை, வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியிலோ ஊர் ஓரத்திலோதான் இருக்கும். புதுச்சேரியில் 1971-ஆம் ஆண்டு ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, உயர்ந்த வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் கலை நம் பக்கத்தில் வேர்விட்டது. அங்கே கற்றவர்கள் தனித்தனியே பட்டறைகள் வைத்தார்கள். இன்று துணி துவைக்கும் இயந்திரத்தின் அளவே உள்ள மின்சூளைகள் கிடைப்பதால், மாடி அறையிலும் கார் நிறுத்தும் இடத்திலும் வைத்துச் சுடுகிறோம். சூளை வீட்டுக்குள் வந்துவிட்டது. வெட்டவெளி அதற்குக் கொடுத்துவந்த காற்று மட்டும் கூடவே வரவில்லை. அந்தக் காற்றுக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் நாமே வழி அமைத்துத் தர வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது மின்சூளைக்கு மட்டுமே பொருந்தும். எரிவாயுச் சூளையும் விறகுச் சூளையும் வீட்டு அறைக்குள் வைக்கத் தக்கவை அல்ல. எரிவாயுச் சூளையில் காற்றைக் குறைத்துச் சுடும்போது கார்பன் மோனாக்சைடு மிகுதியாக உண்டாகும். கசியும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கி நிற்கும். அவற்றுக்குத் திறந்த கொட்டகையே இடம்.

சூளையிலிருந்து என்ன வெளிவருகிறது?

“மின்சாரத்தில்தானே சுடுகிறேன், புகைக்கு என்ன வேலை?” என்று புதிதாகச் சூளை வாங்கியவர்கள் பலர் கேட்கிறார்கள். நெருப்பு இல்லை என்பது சரிதான். ஆனால் சூளைக்குள் எரிவது நாம் வைத்த மண். எந்த வெப்பத்தில் எது வெளியேறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், காற்றோட்டம் எந்த நேரத்தில் மிகவும் தேவை என்பது தானாகவே விளங்கும்.

தொடக்கத்தில் 100 டிகிரி செல்சியஸ் வரை வெளிவருவது பெரும்பாலும் நீராவி. பாண்டம் கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அறை மூடியிருந்தால் ஜன்னல் கண்ணாடியில் வியர்வை பூத்திருப்பதைக் காணலாம். ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டியதும் களிமண்ணில் கலந்துள்ள வேர்த்துணுக்குகள், இலைமக்கு போன்ற கரிமப் பொருள்கள் கருகத் தொடங்கும். கிளேஸில், அதாவது பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சில், சேர்த்த பசை, அடிப்பாகத்தில் தடவிய மெழுகு ஆகியவையும் அந்த நேரத்தில்தான் எரியும். உருகிய மெழுகின் புகை கண்ணையும் தொண்டையையும் கரிக்கும். சூளைக்குள் ஆக்சிஜன் போதாமல் இவை அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீர் பிரிந்து வரும். மண்ணில் கந்தகம் இருந்தால் கந்தக டை ஆக்சைடு வெளியேறும்; தீக்குச்சியை மூக்கருகே உரசியது போன்ற நெடி அதனுடையது. சில களிமண்களில் சிறிதளவு ஃபுளோரின் இருக்கும். அது நீராவியோடு சேர்ந்து அமில ஆவியாக வரும்போது கண்ணாடியையே மங்கச் செய்யும் ஆற்றல் உடையது. நுரையீரலை அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

கிளேஸ் சூட்டில், அதாவது 1,200 டிகிரிக்கு மேல் போகும் இரண்டாவது சூட்டில், உலோகங்களும் ஆவியாகும். இதை நம்பாதவர்களுக்கு நான் ஒரு கிண்ணத்தைக் காட்டுவது உண்டு. வெள்ளீய ஆக்சைடு சேர்த்த வெள்ளை கிளேஸ் பூசிய கிண்ணம் அது. சூளையில் அதற்குப் பக்கத்தில் குரோமியம் கலந்த பச்சைக் குவளை ஒன்று இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவே இரண்டு விரல் இடைவெளி. சுட்டு எடுத்தபோது கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும், குவளையைப் பார்த்திருந்த பக்கம் மட்டும், வெளிர் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தது. குரோமியம் ஆவியாகி அந்த இடைவெளியைக் கடந்து வெள்ளீயத்தோடு சேர்ந்ததன் தடயம் அது. இரண்டு விரல் இடைவெளியைக் கடந்த ஆவிக்குச் சூளை மூடியின் விளிம்பைக் கடப்பது பெரிய காரியம் இல்லை. தாமிரமும் மாங்கனீசும் அவ்வாறே ஆவியாகும். ஈயமும் காட்மியமும் கலந்த கிளேஸ்களை வீட்டில் அறவே தொடாதீர்கள். எவ்வளவு நல்ல காற்றோட்டமும் அவற்றுக்கு மாற்று ஆகாது.

நானே தொடக்கத்தில் செய்த தவறையும் சொல்ல வேண்டும். என் முதல் ஐந்தாறு சூடுகளை வீட்டின் பின்னறையில், ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டுச் செய்தேன். காற்று ஓடுகிறது, போதும் என்பது என் எண்ணம். இரண்டாம் மாதம் சுவரலமாரியில் இருந்த செதுக்குக் கருவிகளை எடுத்தபோது அவற்றின் இரும்பு வளையங்களில் செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய துரு, மாவு தூவியதுபோல் படிந்திருந்தது. அதே கருவிகளின் மற்றொரு தொகுப்பு சமையலறைப் பக்கத்தில் துரு இல்லாமல் இருந்தது. அந்த அறையின் காற்றில் இரும்பை அரிக்கும் ஏதோ இருந்திருக்கிறது. அதே காற்றைத்தான் நானும் மணிக்கணக்கில் சுவாசித்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. வழக்கமான ஸ்பிளிட் ஏசியும் அப்படியே: அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும், புதுக்காற்றைக் கொண்டுவராது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வெளிச்சுவர் உள்ள அறையாக இருக்க வேண்டும். படுக்கையறையோடு ஒட்டியதாக இருக்கக் கூடாது. கதவை மூட வசதி வேண்டும். சூளைக்கும் சுவருக்கும் இடையே தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியை விடுங்கள். பொதுவாக அது ஒன்றரை அடி. தரை சிமெண்டாகவோ ஓடாகவோ இருக்கட்டும். சூளை அதன் இரும்புத் தாங்கியின் மேல் நிற்க வேண்டும், தரையோடு ஒட்டி நிற்கக் கூடாது. பி.வி.சி. பொய்க்கூரை, கீற்று, தார்ப்பாய் ஆகியவற்றின் கீழே சூளையை வைக்காதீர்கள்.

மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போடுவது காற்றுக்கு மிகவும் நல்லது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் சாரல் எந்தத் திசையிலிருந்தும் அடிக்கும். சூளையைச் சூடேற்றும் மின்கம்பிச் சுருள்களின் மேல் ஈரம் பட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் கம்பிக் கதவு, ஒரு முழம் நீட்டிய கூரை என்று அமைத்தால் இரண்டு தேவைகளும் ஒத்துப்போகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு என் கருத்து கறாரானது: வெளிச்சுவர் வழியாகத் திறந்த வெளிக்குக் குழாய் போட முடியாவிட்டால் அங்கே சூளை வைக்க வேண்டாம். பிஸ்க்கை, அதாவது கிளேஸ் பூசுவதற்கு முன் சுடும் முதல் சூட்டை, முடித்துத் தரும் பொதுப் பட்டறை ஒன்றைத் தேடிக்கொள்வதே மேல்.

எந்த முறையில் காற்றை வெளியேற்றுவது?

இரண்டு முறைகள் உண்டு. சூளைக்கு மேலே தகரத்தால் ஆன ஹூட் ஒன்றைத் தொங்கவிட்டு, மேலெழும் வெப்பக்காற்றை அதன் வழியே வெளியேற்றுவது ஒன்று. சமையலறைச் சிம்னியின் தத்துவம்தான். மற்றொன்று, சூளையின் அடிப்பாகத்திலிருந்து சிறிதளவு காற்றை உறிஞ்சிக் குழாய் வழியே அனுப்பும் டவுன்டிராஃப்ட் முறை.

டவுன்டிராஃப்ட் அமைப்பில் சூளையின் மூடியிலும் அடித்தளத்திலும் ஏறத்தாழ கால் அங்குல விட்டமுள்ள சில துளைகள் இருக்கும். அடியில் பொருத்திய பெட்டியிலிருந்து ஒரு குழாய் கிளம்பி வெளிச்சுவருக்குப் போகும்; அதன் முனையில் உள்ள சிறு விசிறி இழுக்கும்போது, சூளைக்குள் இருக்கும் காற்று மேல் துளைகள் வழியே புதுக்காற்றை வாங்கிக்கொண்டு கீழ்த் துளைகள் வழியே பெட்டிக்கு வரும். பெட்டியில் அறைக்காற்றும் பெருமளவு கலப்பதால் குழாய்க்குள் போகும் காற்று கையால் தொடக்கூடிய சூட்டுக்குத் தணிந்துவிடும். சூளைக்குள் எந்நேரமும் மெல்லிய உறிஞ்சல் இருப்பதால், மூடியின் இடுக்குகளில் நச்சுக்காற்று வெளியே கசிவதற்குப் பதிலாக அறைக்காற்றுதான் உள்ளே போகும். இந்த முறையின் முழுச் சிறப்பும் இதில்தான் இருக்கிறது: வாயு அறைக்கு வந்த பிறகு துரத்திப் பிடிப்பதில்லை, வரவே விடுவதில்லை.

பாண்டங்களுக்கும் இது நல்லது. கரிமப் பொருள்கள் எரிந்து தீர ஆக்சிஜன் கிடைப்பதால், பிஸ்க்கில் உள்ளே கருமை தங்காது. பின்னால் கிளேஸ் சூட்டில் கொப்புளமும் ஊசித்துளையும் குறையும். மின்கம்பிச் சுருள்களின் மேலே உள்ள ஆக்சைடுப் படலமும் அரிபடாமல் நீடிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் டவுன்டிராஃப்ட்டையே பரிந்துரைக்கிறேன். ஆயினும் அது வாயுவை எடுக்குமே தவிர அறையின் வெப்பத்தை எடுக்காது என்பதைச் சூளை வாங்கும்போதே மனத்தில் வையுங்கள். ஒரு கணக்கு: 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். மணிக்கு 500 கன மீட்டர் தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தக் காற்றை மணிக்கு 15 முறை மாற்றும் என்று தாளில் வரும்; வலை, மழை மறைப்பு, காற்று வரும் வழியின் குறுகல் எல்லாம் சேர்ந்து உண்மையில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். 5 கிலோவாட் சூளை, தன் ஆற்றலில் பாதியை அறைக்குள் விடும் நேரத்தில், முழு 500 கன மீட்டர் ஓட்டம் இருந்தாலும் அறைக்காற்று வெளியைவிட 15 டிகிரி வரை சூடேறக்கூடும். ஓட்டம் பாதியானால் 30 டிகிரி. சித்திரை வெயிலோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஆகவே டவுன்டிராஃப்ட்டோடு, சுவரின் மேற்பகுதியில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும். அது உலோக இறக்கை உடையதாக இருக்கட்டும். வெப்பத்தில் பிளாஸ்டிக் இறக்கை வளைந்துவிடும்.

ஹூட் அமைப்பதானால் அது சூளையை விட எல்லாப் பக்கமும் சிறிது அகன்றிருக்க வேண்டும், மூடியைத் திறக்க இடம் விட்டு முடிந்தவரை தாழ்வாகத் தொங்க வேண்டும். ஹூட்டுக்குப் பக்கத்தில் சீலிங் ஃபேன் ஓடினால், மேலெழும் காற்று ஹூட்டுக்குள் புகாமல் அறையெங்கும் சிதறிவிடும். சூளை ஓடும்போது அதை நிறுத்திவையுங்கள்.

மூடியிலும் அடியிலும் துளையிடுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சூளை செய்து கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் துளை போடாதீர்கள். துளைகளின் எண்ணிக்கையும் அளவும் சூளையின் கொள்ளளவைப் பொறுத்தவை. அதிகமானால் அடிப்பக்கம் குளிர்ந்து கீழ்த்தட்டுப் பாண்டங்கள் வேகாமல் போகும், குறைந்தால் இழுவை போதாது. நம் ஊரில் சூளை கட்டித் தருபவர்களிடம் ஆர்டர் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் அவர்களே அமைத்துத் தருவார்கள்.

குழாயும் வெளிவாயும்

குழாய் தகரத்திலோ அலுமினியத்திலோ இருக்க வேண்டும், பி.வி.சி. வேண்டாம். முடிந்தவரை குட்டையாக, வளைவுகள் குறைவாகக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முழங்கை வளைவும் இழுவையைத் தின்னும். மூட்டுகளை அலுமினியத் தாள் ஒட்டுநாடாவால் சுற்றுங்கள், துணி நாடா சூட்டில் பிரிந்துவிடும்.

விசிறியைச் சூளையின் பக்கத்தில் அல்ல, வெளிச்சுவரின் பக்கத்தில் பொருத்த வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றினாலும் பாதுகாப்பின் பெரும்பகுதி இதில் இருக்கிறது. விசிறி கடைசியில் இருந்தால் குழாய் முழுவதும் உறிஞ்சலில் இருக்கும். எங்காவது ஓட்டை விழுந்தாலும் அறைக்காற்று உள்ளே போகுமே தவிர வாயு வெளியே வராது. விசிறி சூளைக்குப் பக்கத்தில் இருந்தாலோ குழாய் அழுத்தத்தில் இருக்கும், ஒவ்வொரு ஓட்டையும் அறைக்குள் ஊதும்.

வெளிவாய், உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தும் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளியும், ஆள் நடக்கும் உயரத்துக்கு மேலும் இருக்கட்டும். மாடிப்படிக் கூண்டுக்குள்ளோ, அடுக்குமாடிகளில் குளியலறைகளுக்காக விட்டிருக்கும் காற்றுக் கிணற்றுக்குள்ளோ, சமையலறைச் சிம்னிக் குழாய்க்குள்ளோ விடாதீர்கள். மொட்டைமாடிக்கு ஏற்றுவதானால் துணிக்கொடியும், வடகமும் வற்றலும் காயவைக்கும் இடமும், தண்ணீர்த் தொட்டியின் மூடியும் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்குத் தொப்பியும், அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலையும் தேவை. கொசுவலை போட்டால் தூசி அடைத்து ஒரே மாதத்தில் இழுவை செத்துவிடும்.

உள்ளே வரும் காற்று

வெளியே போகும் காற்றைப் பற்றி யோசிப்பவர்கள் உள்ளே வரும் காற்றை மறந்துவிடுகிறார்கள். கதவையும் ஜன்னலையும் இறுக மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் விசிறி சத்தம் போடும், காற்று நகராது. வெளியேற்றும் விசிறிக்கு எதிர்ச்சுவரில், தாழ்வான மட்டத்தில், விசிறியின் வாயைவிடக் குறையாத பரப்பில் ஒரு திறப்பு வேண்டும். கம்பிவலை போட்டால் இன்னும் சற்றுப் பெரிதாக வையுங்கள். அந்தத் திறப்பு வெளிப்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும், கூடத்தைப் பார்த்து அல்ல.

வீட்டில் கேஸ் கீசர் இருப்பவர்கள் இங்கே மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். பட்டறையின் விசிறிக்கு வெளியிலிருந்து காற்று கிடைக்காவிட்டால் அது வீட்டுக்குள்ளிருந்து இழுக்கும். குளியலறையின் கீசர் வெளியேற்ற வேண்டிய வாயுவும் அந்த இழுவையில் வீட்டுக்குள் திரும்பக்கூடும். சூளை ஓடும் நேரத்தில் கேஸ் கீசரைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

ஊதுபத்திச் சோதனை

அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்; ஓர் ஊதுபத்தி போதும். சூளை குளிர்ந்திருக்கும்போது மூடியை மூடி, சூளையின் உட்புறத்தை எட்டிப் பார்க்க உதவும் பார்வைத் துளைகளின் அடைப்பான்களைப் போட்டு, டவுன்டிராஃப்ட் விசிறியை இயக்குங்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். எரியும் ஊதுபத்தியை மூடியின் துளைக்கு ஓர் அங்குலம் மேலே அசையாமல் பிடியுங்கள். இழுவை சரியாக இருந்தால், நேராக எழுந்துகொண்டிருந்த புகை நூல் ஒரு நொடி தயங்கி, வளைந்து, துளைக்குள் நூல் கோத்ததுபோல் இறங்கும். பிறகு மூடியின் விளிம்பு முழுவதும், பார்வைத் துளைகளைச் சுற்றியும், பத்தியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்திலும் புகை சூளையைவிட்டு விலகி ஓடக் கூடாது. அடுத்து, காற்று உள்ளே வரும் திறப்பின் முன் பிடியுங்கள். புகை அறைக்குள் சாய வேண்டும். வீட்டுக்குள் போகும் கதவின் அடி இடுக்கில் பிடித்தால் அங்கேயும் புகை பட்டறையை நோக்கியே சாய வேண்டும். வீட்டை நோக்கிச் சாய்ந்தால் அமைப்பில் பிழை இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் சூளையைச் சூடேற்றாதீர்கள்.

மின்வெட்டு வந்தால்

சூளையின் மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி இணைப்பாகவே போட வேண்டும். 5 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் ஏறத்தாழ 22 ஆம்பியர் எடுக்கும். சாதாரண பிளக் பாயிண்ட் அதைத் தாங்காது. எர்த்தும் கசிவுமின் துண்டிப்பானும் கட்டாயம்.

காற்றோட்டத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி இது: 500 டிகிரியில் கரண்ட் போனால் என்ன ஆகும்? சூளை அணைந்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் மண் உடனே குளிர்வதில்லை, வாயு வருவதும் நிற்பதில்லை. விசிறியும் அதே இணைப்பில் இருந்தால் இரண்டும் சேர்ந்து நின்று, வாயு முழுவதும் அறையில் தேங்கும். டவுன்டிராஃப்ட் விசிறி குறைந்த மின்சாரமே எடுப்பதால் அதை வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுத்துவிடுங்கள்; சூளையை மட்டும் ஒருபோதும் இன்வெர்ட்டரில் இணைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில் மின்வெட்டு வந்ததும் சூளையின் சுவிட்சை அணைத்து, வெளித் திறப்புகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வீட்டுக்கதவைச் சாத்திக்கொண்டு அறையைவிட்டு வெளியேறுங்கள்.

எச்சரிக்கைக் கருவியும் முகக்கவசமும்

கார்பன் மோனாக்சைடைக் காட்டும் கருவி இல்லாமல் வீட்டுக்குள் சூளை ஓட்டாதீர்கள். எண்ணைத் திரையில் காட்டும் வகையை வாங்குங்கள். ஒலி மட்டும் எழுப்பும் கருவிகள் குறைந்த அளவில் நெடுநேரம் இருக்கும் வாயுவுக்கு மௌனமாகவே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுப்படி 8 மணி நேரச் சராசரி, ஒரு கன மீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அது ஏறத்தாழ 9 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 9 பங்கு). ஒரு கருவியைப் பட்டறையில், சூளையின் வெப்பம் படாத தொலைவில், மூக்கு மட்டத்தில் மாட்டுங்கள். இன்னொன்றை வீட்டார் இருக்கும் பக்கத்து அறையில் வையுங்கள். கருவிக்கும் ஆயுள் உண்டு. பின்புறத்தில் அச்சிட்ட காலாவதி ஆண்டைப் பாருங்கள்.

என்-95 முகக்கவசம் களிமண் தூசிக்கு நல்லது. உலர்ந்த கிளேஸ் பொடியைக் கலக்கும்போதும் சூளையின் உட்புறத்தைத் துடைக்கும்போதும் அவசியம் அணியுங்கள். ஆனால் அது கார்பன் மோனாக்சைடையோ கந்தக வாயுவையோ தடுக்காது. முகக்கவசம் போட்டிருக்கிறோம் என்ற துணிச்சலில் சூளை அறையில் உட்கார்ந்திருப்பது போடாமல் இருப்பதைவிட மோசமானது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், காரணமில்லாத களைப்பு ஆகியவை தோன்றி, வெளியே வந்ததும் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்றே கொள்ளுங்கள். எல்லோரையும் வெளியே அழைத்து வந்து, மெயின் சுவிட்சைத் தொட முடிந்தால் சூளையை நிறுத்தி, யாருக்காவது மயக்கமோ குழப்பமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல்முனை ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து, 98 காட்டுகிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது; ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் அது நல்ல எண்ணையே காட்டக்கூடும். மருத்துவமனையில் “சூளை ஓடியது, கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால், தேவையான ரத்தப் பரிசோதனையை உடனே செய்வார்கள்.

முதல் சூடு

புதுச் சூளையைப் பாண்டம் எதுவும் வைக்காமல் ஒருமுறை ஓட்ட வேண்டும். கம்பிச் சுருள்களின் மேல் காப்புப் படலம் உண்டாவதற்காகச் செய்வது இது. அந்த ஓட்டத்தில் செங்கல் ஒட்டிய சாந்தும் காப்புப் பஞ்சின் பசையும் எரிந்து நெடி வரும். காற்றோட்டத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. பட்டறையிலும் பக்கத்து அறையிலும் கருவி காட்டும் எண்ணை 200, 300, 500, 700 டிகிரிகளில் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பக்கம் நெடி வருகிறதா என்று, அதுவரை வெளியே இருந்த ஒருவரைக் கேளுங்கள். உள்ளேயே இருப்பவரின் மூக்கு பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

சூட்டின்போது

விசிறிகளை முதலில் போட்டு, பிறகே சூளையை இயக்குங்கள். டவுன்டிராஃப்ட் இருந்தால் பார்வைத் துளைகளின் அடைப்பான்கள் எல்லாம் தொடக்கம் முதல் இறுதி வரை மூடியே இருக்க வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் காற்று அதன் வழியே புகுந்து, மேல் துளைகளின் இழுவையைக் கெடுத்துவிடும். ஹூட் மட்டும் இருந்தால் மேல் அடைப்பானைத் திறந்து தொடங்கி, பிஸ்க்கில் ஏறத்தாழ 700 டிகிரிக்குப் பிறகு மூடலாம்.

கரிமப் பொருள் எரியும் 200 முதல் 700 டிகிரி வரையிலான பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள். உள்ளூர்ச் செம்மண் களிமண்ணுக்கும் காகிதக்கூழ் கலந்த மண்ணுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும், அவற்றில் எரிவதற்கு மிகுதியான பொருள் உண்டு. மெழுகைத் தேவையான இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள்.

ஒரு சூடு 8 முதல் 12 மணி நேரம் வரை நீளும் என்பதால், இரவு தூங்கப் போகுமுன் போட்டுவிட்டுப் படுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதைக் கைவிடுங்கள். விடியற்காலையில் தொடங்கினால் புகை வரும் நேரம் முழுவதும் நீங்கள் விழித்திருப்பீர்கள். அறைக்குள் போவதை அளவீடு பார்க்கும் ஒரு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சக்கரத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அறையும் சூளை அறையும் ஒன்றாகவே இருந்தால் அன்றைக்குச் சக்கரத்துக்கு விடுமுறை. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வளர்ப்புப் பறவைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

சூளை அணைந்த பிறகும் டவுன்டிராஃப்ட் விசிறி ஓடட்டும். 100 டிகிரிக்குக் கீழே வரும் வரை மூடியைத் தூக்காதீர்கள். 60 டிகிரி வரை பொறுத்தால் பாண்டத்துக்கும் உங்களுக்கும் நல்லது.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை குழாயின் மூட்டுகளையும் விசிறியின் இறக்கைகளையும் பாருங்கள். அமில ஈரம் உட்புறமாக அரிப்பதால் தகரக் குழாய் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம். கீழே தாழ்ந்திருக்கும் வளைவுகளை விரலால் அழுத்திப் பார்த்தால் மெலிந்த இடம் தெரியும். காப்புப் பஞ்சு வைத்த சூளையானால் நைந்த பஞ்சை வெறுங்கையால் பிய்க்காதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஊதுபத்திச் சோதனையை நான் ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் செய்கிறேன். மூன்று வாரம் சூளை ஓட்டாமல் இருந்துவிட்டு ஒருநாள் பத்தியைப் பிடித்தபோது, துளைக்குள் இறங்க வேண்டிய புகை நேராக என் முகத்துக்கு எழுந்தது. விசிறி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்திலும் மாற்றம் இல்லை. ஏணி போட்டு வெளிவாயைப் பார்த்தேன். கம்பிவலையின் ஒரு மூலை துருவேறிப் பிரிந்திருக்க, தேங்காய் நாரும் பஞ்சும் பழந்துணி நூலும் கொண்டு அணில் ஒன்று குழாய்க்குள் ஒரு சாண் நீளத்துக்குக் கூடு அடைத்திருந்தது. குட்டிகள் இல்லை. கூட்டை எடுத்து முருங்கைமரக் கிளையிடுக்கில் வைத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகு வலையை நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கினேன். மறுபடியும் பத்தியைப் பிடித்து, புகை வளைந்து துளைக்குள் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அன்றைய பிஸ்க்கைத் தொடங்கினேன்.